உறைவிடமும் கள்ளாமையும்



ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமையை, பிறர் பொருளைக் கவராதிருத்தல் என்ற அளவில் நாம் எண்ணி அமைகிறோம். உமாசுவாமி ஆசாரியர், கொடாததைக் கொள்ளுதல் களவு எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தார். அவ்விரதம் நிலைபெறுதற்குரிய ஐந்து பாவனைகளையும் ஏழாம் அத்தியாயத்தில் அருளினார். பிறர் ஓரிடத்தில் தங்குவதைத் தடுக்காதிருத்தல் அவற்றுள் ஒன்று. துறவியரை நோக்கி வகுத்த நெறியே எனினும், இல்லறத்தாராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்க நாட்டில் 2025-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று அதனை விளக்கும்.

நியூஜெர்சி மாநிலத்தில் டாம்ஸ் ரிவர் என்பது ஓர் ஊர். அவ்வூரிலுள்ள கிறைஸ்ட் எபிஸ்கோபல் தேவாலய வளாகத்தில், வீடற்றோர் இரவு தங்க 17 படுக்கைகள் கொண்ட விடுதி அமைக்க அனுமதி கோரப்பட்டது. அக்கம்பக்கத்தார் சிலர் எதிர்த்தனர். ஏப்ரல் இறுதியில் நகர்மன்றம், அத்தேவாலய நிலத்தை விலைக்கு வாங்கவும், உடன்படாவிடில் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் வகைசெய்யும் ஆணை வரைவை 4-க்கு 3 என்ற வாக்கில் முதற்படியாக ஏற்றது. அங்கே பூங்காவும் பிக்கிள்பால் என்னும் பந்தாட்டக் களங்களும் அமைப்பது திட்டம். மக்களின் எதிர்ப்பு வலுக்கவே, ஜூலையில் நகரத்தலைவர் அடுத்த வாக்கெடுப்பை நிறுத்தினார்.

பொதுப் பயனுக்காக, நேரிய இழப்பீடு தந்தே தனியார் சொத்தை எடுக்கலாம் என்பது 1791-இல் நிறைவேறிய அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயனே என்று 2005-இல் கீலோ வழக்கில் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எனவே பொதுப் பயன் என்னும் சொல் அங்கு மிக விரிந்த பொருளுடையது.

அநேகாந்தம் பயின்ற நாம் எல்லாப் பக்கமும் நோக்குதல் வேண்டும். சாலையும் மருத்துவமனையும் அமைய அரசு நிலம் எடுக்க வேண்டியதாகிறது. பூங்காவும் தீதன்று. அக்கம்பக்கத்தாரின் அச்சமும் செவிமடுக்கத் தக்கதே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இழப்பீடு எவர்க்குச் சேரும்? நிலத்திற்கு உரியவர்க்குச் சேரும். அவ்விடத்தில் படுக்கை பெற்றிருக்கக் கூடியவரிடம் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆதலின் அவர்க்கு ஈடும் இல்லை. சட்டத்தின் கணக்கில் அவர் இழந்தது ஒன்றுமில்லை. பனிக்காலத்து இரவில் அவர் இழப்பது அடைக்கலம். ஏட்டில் ஏறாத இவ்விழப்பை நம் கண்முன் நிறுத்துவதே ஆசாரியர் வைத்த அப்பாவனை.

உறைவிடம் ஈதலை நம் முன்னோர் பெருங்கொடையாகப் போற்றினர். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என ஈகையை நான்காக வகுத்தார். திருக்கோவலூரை அடுத்த ஜம்பைக் குன்றின் குகையில், அதியமான் நெடுமானஞ்சி உறைவிடம் ஈந்த செய்தியைத் தமிழ்பிராமி எழுத்தில் இன்றும் காண்கிறோம். ஆள்வோன் உறைவிடம் ஈந்தான் என்பதற்குக் கல்லே சான்று. தவத்தோர்க்கு அளிப்பது பாத்திரதானம். துன்புறும் எவ்வுயிர்க்கும் அளிப்பது கருணாதானம். இரண்டும் சிராவகர் கடனே.

நம் தெருவிலும் ஒருநாள் முதியோர்க்கோ வீடற்றோர்க்கோ ஒரு விடுதி அமையலாம். அதனை எதிர்க்கும் மனு நம் கைக்கும் வரலாம். கையொப்பமிடுமுன் நாம் எண்ண வேண்டுவது இது: குறையிருப்பின் அதனைக் களைய வழி கேட்போம், மாற்றிடம் அமையாமுன், இருக்கும் இடத்தை நீக்குமாறு கேளோம். நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அமைதி கொள்ளல் எளிது. ஒருவர் தலைசாய்க்கும் இடம் நம் கையொப்பத்தால் போகுமாயின், நம் விரதம் மெலிந்தது என்றே உணர்வோம்.

எவ்வுயிரும் அச்சமின்றி உறங்குக! அருகநெறி ஓங்குக!