கறுப்புப் பிரமிடின் வழி

தம் படைப்பிலிருந்தே புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்று முளைத்தது என்று ஒரு படைப்பாளர் நம்பத் தொடங்கும்போது, அந்த நம்பிக்கை கதை முழுவதன்மேலும் பரவி நிற்பதில்லை. ஏதேனும் ஒரு சிறு பொருளை இறுகப் பற்றிக்கொள்கிறது. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் '1899' என்னும் தொடர் வெளியான சில நாள்களிலேயே, 2016-இல் தாம் வெளியிட்ட 'பிளாக் சைலன்ஸ்' என்னும் சித்திரக்கதை நூலோடு அது பெரிதும் ஒத்திருப்பதாகப் பிரேசில் நாட்டுக் கலைஞர் மேரி காக்னின் பொதுவெளியில் எழுதினார். அவர் சுட்டிய ஒற்றுமைகளுள் ஒன்று கறுப்புப் பிரமிடு. '1899'-ஐ உருவாக்கியவர்களும், முன்பே 'டார்க்' தொடரால் பெயர்பெற்றிருந்த ஜெர்மன் படைப்பாளர்களுமான பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீசேயும், அக்கலைஞரையோ அவர் நூலையோ தாங்கள் அறிந்ததே இல்லை என மறுத்தனர். நிகழ்ந்தது இவ்வளவே. ஒரு கதை விண்வெளியில் நடக்கிறது, மற்றது அட்லாண்டிக் கடலைக் கடக்கும் நீராவிக் கப்பலில் நடக்கிறது. ஆயினும் இரண்டிலும் பிரமிடு இருக்கிறது, அது கறுப்பாகவும் இருக்கிறது.

இந்தக் கறுப்பும் இந்த வடிவமும் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிச் சென்றால் பாதை விரைவில் கிளைபிரிகிறது. பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1951-இல் வெளியிட்ட 'தி சென்டினல்' சிறுகதையில், நிலவின் மேல் வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற பொருள் ஏறத்தாழப் பிரமிடு வடிவினது, ஆனால் கறுப்பன்று, மின்னுவது. அக்கதையிலிருந்து கிளைத்து ஸ்டான்லி குப்ரிக்கின் இயக்கத்தில் 1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்திலோ, அப்பொருள் கறுப்பாக இருக்கிறது, ஆனால் பிரமிடாக இல்லை, நெடிய பலகைபோல நிற்கிறது. வடிவத்தை ஒன்றிலிருந்தும் நிறத்தை மற்றொன்றிலிருந்தும் பெற்று, பிரேசிலிலும் ஜெர்மனியிலும் இருவேறு மேசைகளில் ஒரே பொருள் உருவாகியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் தம் மேசையில் அதை வரைந்தவருக்கு அது ஆறுதலாகாது.

சட்டம் இத்தகைய ஐயத்தை எளிதில் கடந்துவிடுகிறது. பதிப்புரிமை காப்பது கருத்தை அன்று, அக்கருத்து பெற்ற வெளிப்பாட்டை, அதாவது சொல், காட்சி, அமைப்பு என்று அது கொண்ட குறிப்பிட்ட உருவத்தை மட்டுமே. 'நியூ டெல்லி' என்னும் இந்தித் திரைப்படம் தம் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை விளக்கி, நாடகாசிரியருக்கு எதிராகவே முடிவு சொன்னது. கோட்பாட்டில் குறை காண்பது கடினம். எனினும் தோற்ற நாடகாசிரியர் அதன்பின் அந்தப் படத்தைத் தம்முடையதன்று என்று நினைத்திருப்பாரா என்பது நீதிமன்றத்தின் வினாவன்று.

நன்னூல் இவ்விடத்தில் வேறொரு கதவைத் திறக்கிறது. நூல்களை முதல், வழி, சார்பு என வகுக்கும் அவ்விலக்கணம், வழிநூல் செய்வதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் சிறப்புப்பாயிரம், அதாவது குறிப்பிட்ட ஒரு நூலை அறிமுகம் செய்யும் முன்னுரை, கூறவேண்டியவற்றுள் 'வழி'யையும் ஒன்றாக வைக்கிறது, அந்நூல் எதிலிருந்து வந்தது என்பதே அது. தொலைக்காட்சித் தொடருக்குப் பாயிரம் இல்லை. பெயர்ப்பட்டியலில் ஒற்றை வரி இருந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய மனக்குறைகள் பல இருக்கும் என்று கருதலாம். ஆனால் வழியைச் சொல்வதற்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமலே எடுப்பதும் உண்டு. பார்வையும் செவியும் இல்லாமல் வளர்ந்த ஹெலன் கெல்லர் தண்ணீர்க் குழாயடியில் சொல்லின் பொருளை உணர்ந்த நிகழ்ச்சியோடு பள்ளிப் பாடநூல்கள் நிறுத்திக்கொள்ளும் அவரது வாழ்க்கையில், 11 வயதில் அவர் 'தி ஃப்ராஸ்ட் கிங்' என்றொரு கதை எழுதி, பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் தலைவர் மைக்கேல் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிய செய்தி உண்டு. அது மார்கரெட் கான்பி எழுதிய ஒரு கதையை நெருக்கமாக ஒத்திருப்பது பின்னர் தெரியவந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்காலத்தில், அக்கதை அச்சிறுமியின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்தெழுத்தாக உணர்த்தப்பட்டிருந்தது. கேட்டது மறந்துபோய், கதை மட்டும் தங்கி, ஒருநாள் தன் கற்பனையாகவே எழுந்தது. இத்தகைய மறதியை மறைநினைவு எனலாம். பள்ளியில் விசாரணைக் குழு கூடிப் பார்வையும் செவியும் இல்லாத குழந்தையை வினவியது என்பது இன்று படிக்கும்போதும் மனத்தைச் சுருங்கச் செய்கிறது. இதில் வியப்பு, உண்மையிலேயே கதையைப் பறிகொடுத்த கான்பி சினம் கொள்ளாமல் பரிவோடு எழுதினார் என்பது. ஆறாமல் போனது எடுத்தவருக்குத்தான். தம் சிந்தனைகளையும் படித்தவற்றையும் எப்போதும் பிரித்தறிய இயலவில்லை என்று 1903-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் ஒப்புக்கொண்டார். பேச்சினிடையே ஓர் எண்ணம் பளிச்சிட்டால், அது தன்னுடையதுதானா என்று உறுதியில்லை என ஆசிரியையின் கையில் மெல்ல எழுதிக்காட்டுவாராம்.

அந்த நேர்மையை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது. மேலும், ஓடாரும் ஃப்ரீசேயும் மறைநினைவுக்கு ஆட்பட்டார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. காக்னின் காட்டக்கூடிய பாலம் ஒன்றே, 2017-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் புத்தகக் கண்காட்சியில் தம் நூலைப் பதிப்பகத்தார் பலருக்கும் வழங்கியதாக அவர் சொன்னது. பிரதியைக் கொடுப்பவர் ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஒரு வாசகரைக் காண்கிறார்; பெறுபவருக்கோ அது அன்றைய பையின் எடையில் ஒரு பகுதி. தம் பிரமிடு களவாடப்பட்டது என்ற நம்பிக்கைக்குள், யாரோ அந்தப் பக்கம் வரை படித்தார்கள் என்ற நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. அப்பிரதிகளுள் ஒன்று எங்கோ திறக்கப்பட்டு, கறுப்புப் பிரமிடு இருந்த பக்கத்தில் ஒரு விரல் சற்றே நின்றிருக்கலாம். எல்லாமே திறக்கப்படாமல் கிடந்திருக்கவும் கூடும். இவ்விரண்டில் எது உண்மையானால் அதை வரைந்தவருக்கு வலி குறைந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.