வாடிவாசலைக் கடந்த பின்

ஓர் உயிரைப் போற்றுகிறோம் என்று சொல்லுதல் எளிது. அவ்வுயிர் நமக்குப் பயன்படாத நாளிலும் போற்றுகிறோமா என்பதே அறம் எழுப்பும் வினா. புதுக்கோட்டை மாவட்டத்துச் சல்லிக்கட்டுக் காளைகளைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஆண்டின் தொடக்கத்தில் தச்சங்குறிச்சியிலும் தொடர்ந்து பல ஊர்களிலும் இங்கு வாடிவாசல் திறக்கப்படுகிறது. 2019 சனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. இவ்விளையாட்டை 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. 2023 மே 18இல் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இவ்வளவு வாதங்களும் பெரிதும் களத்தில் நிற்கும் காளையைப் பற்றியவை. முதுமையுற்றோ கால் ஒடிந்தோ களம் நீங்கிய காளையின் கதி என்ன?

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊட்டி, குளத்தில் நீச்சல் பழக்கி, பிள்ளையைப்போல் வளர்ப்பவர் பலர். அவருள் சிலர் அக்காளையை இறுதிவரை காத்து, இறந்தபின் மாலை சூட்டி அடக்கம் செய்கின்றனர். சில காளைகள் பொலிகாளைகளாக நிற்கின்றன. எஞ்சியவை சந்தைக்குச் சென்று, தரகர் கைமாறி, அடிமாடாக முடிகின்றன. பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று வெட்டலாம் என்பது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். மாடோ இருபதாண்டளவும் வாழக்கூடியது.

சட்டம் இசையலாம், அறம் இசையுமா? இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் நம்மை அண்டி வாழும் உயிர்க்கு நாம் இழைக்கக்கூடியவை. மேலும், தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயிலாம். போகுமிடம் அறிந்தே காளையைத் தரகரிடம் ஒப்படைப்பவர், கத்தி தம் கையில் இல்லை என்பதால் மட்டும் நீங்கியவர் ஆகார்.

“மழை பொய்த்த இவ்வறண்ட நாட்டில் ஓர் ஏழை உழவர் பயனற்ற மாட்டுக்கு எங்ஙனம் தீனி போடுவார்?” என்பர். நியாயமான வினாவே. ஆயின் அக்காளையால் மகிழ்ந்தவர் அவர் ஒருவர் மட்டுமா? பரிசளித்துப் புகழ் பெற்றவரும், விழா நடத்திய ஊரும், கண்டு களித்தவரும் அம்மகிழ்ச்சியில் பங்குடையர். மகிழ்ச்சியில் பங்கு கொண்டவர் சுமையிலும் பங்கேற்றல் முறை. பரிசுத் தொகையில் ஒரு பகுதியை முதிர்ந்த காளைகளின் தீனிக்கென ஒதுக்கலாம். விழாவை விரும்பாத நாமும் விலகி நிற்றல் ஆகாது. பிஞ்சராப்போல் அமைத்து நோயுற்ற உயிர்களைக் காத்த மரபினர் நாம். சந்தையில் நிற்கும் ஒரு காளையை மீட்டு, அதனை வளர்த்தவர் தொழுவத்திலேயே அது வாழத் தீனிச்செலவு ஏற்றல் நம்மால் இயலாததன்று.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில், அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனும் பறவையும் யானையும் எருமையும் மாந்தரோடு ஒருங்கே இருக்கின்றன. அவற்றுள் எதுவும் எவருக்கும் பரிசு வென்று தரவில்லை. ஆதிபகவனாம் விருஷபதேவரின் இலாஞ்சனமோ எருது. அதன் உருவை வணங்கும் நாம், உயிருள்ள எருதின் முதுமைக்கு ஒரு பிடி வைக்கோல் அளித்தல் கடன்.

கொல்லாமை ஓங்குக!