சுவருக்கு அந்தப் பக்கமும் அவர் பிள்ளைகளே

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறிஸ்தவர்கள், தாங்கள் வழிபடும் கோயிலிலேயே தங்களுக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025இன் தொடக்கத்தில் அந்த மனுவின் மீது நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்டது. இந்த வலி புதிதல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரை ஊரறியும். 2008இல் எறையூரில் தலித் மக்கள் தனிப்பங்கு கேட்டபோது மூண்ட மோதல், துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைப் பறித்தது.

வழக்குகளை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவற்றுக்கு அடியில் கிடக்கும் கேள்விக்குத் திருச்சபைதான் பதில் சொல்ல வேண்டும்: கடவுளின் அன்பு எல்லோருக்குமா, சிலருக்கா? எல்லோருக்கும்தான். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

மறைநூலைத் திறந்தால் சான்றுகள் வரிசை கட்டி நிற்கின்றன. நல்லவர், தீயவர் இருவர்மேலும் கதிரவன் உதிப்பதையே இறையன்பின் இலக்கணமாக மலைப்பொழிவு காட்டுகிறது. எதிரியின் ஊரான நினிவே பிழைத்ததே என்று மனம் புழுங்கிய யோனாவைக் கடவுள் கடிந்துகொள்கிறார். கொர்னேலியு என்ற வேற்றினத்தாரின் வீட்டுப் படியேறிய பிறகே, கடவுள் ஆள் பார்ப்பதில்லை என்பது பேதுருவுக்கு விளங்குகிறது. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்கிறது திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம். எபேசியர் திருமுகமோ, இரு இனங்களைப் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலாலேயே தகர்த்தார் என்று அறிவிக்கிறது. அவர் தகர்த்த சுவரை அவர் பெயரால் எழுப்புவது எவ்வளவு பெரிய மறுதலிப்பு!

மாற்றுக் கருத்தும் உண்டு. யாக்கோபைத் தேர்ந்து ஏசாவை விலக்கிய கடவுளைப் பற்றி உரோமையர் திருமுகம் பேசுகிறது. அகுஸ்தினாரும் கால்வினும் இதிலிருந்தே, மீட்கப்படுவோரைக் கடவுளே முன்கூட்டித் தேர்கிறார் என்னும் முன்குறித்தல் கொள்கையை வளர்த்தனர். 1618–19இல் கூடிய கால்வினியரின் தோர்ட் சங்கம், மீட்பளிக்கும் அருள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்று வரையறுத்தது. ஆனால் அதே உரோமையர் திருமுகம், எல்லார்மேலும் இரக்கம் காட்டுவதே கடவுளின் நோக்கம் என்றுதான் அந்த வாதத்தை முடிக்கிறது. கிறிஸ்து எல்லோருக்காகவும் இறந்தார் என்பது பிழை என்று வாதிட்ட ஜான்சனியர் என்ற கத்தோலிக்கக் குழுவினரின் கூற்றைத் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1653இல் கண்டித்தார். முன்குறித்தலை நம்புகிறவர்கள்கூடத் தேர்வு கடவுளுடையது, மனிதரின் தகுதியைப் பொறுத்ததல்ல என்றே சொல்கிறார்கள். குலம் பார்த்து இடம் ஒதுக்க எந்தக் கொள்கையும் அனுமதி தரவில்லை.

அன்பு ஆன்மாவின் காரியம், வழக்கம் ஊரின் காரியம் என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சாக்கைத் திருச்சபைத் தலைவர்கள் ஏற்கவில்லை. 1833இலேயே ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையில் பலர் அதை எதிர்த்து நின்றனர். 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சாதி வேற்றுமையைக் கடிந்தார். ஆணையும் கண்டனமும் வந்த பிறகும் மனச்சுவர் இடியவில்லை. கண்ணெதிரே நிற்கும் சகோதரனை வெறுத்துக்கொண்டு, காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்பவன் பொய்யன் என்று யோவான் எழுதிவைத்தது இப்படித் தப்பிக்கிறவர்களுக்காகத்தான். பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒன்றே என்ற வள்ளுவர் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்கவும் வேண்டியதில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று, சுவர் நிற்கும் தோட்டங்களில் இரு பக்கமும் மெழுகுவர்த்திகள் எரியும், இரு பக்கமும் ஒரே செபம் ஒலிக்கும். அந்த நாளுக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு பங்கும் தன் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பார்க்கட்டும். சுவர் இருந்தால் இடிக்கட்டும். அதுவரை, கடவுள் எல்லோரையும் நேசிக்கிறார் என்று பீடத்தில் நின்று சொல்லும் தகுதி நமக்கில்லை.