வளர்ப்புப் பிள்ளைக்கு யார் பெயர்?

குழந்தைச் செல்வம் அல்லாஹ்வின் அருட்கொடை. அச்செல்வம் கிட்டாத தம்பதியர் பலர். பெற்றோரின் அரவணைப்புக் கிட்டாத குழந்தைகளும் பலர். எத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் சுவனத்தில் தமக்கு அருகில் இருப்பார் என்பதை, இரு விரல்களைக் காட்டி நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதை நாம் அறிவோம்.

இன்று அப்பிள்ளை பக்கத்துத் தெருவிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் கைவிடப்பட்ட குழந்தைகளை, பிரான்சிலும் ஸ்பெயினிலும் வாழும் குடும்பங்கள் ஏற்று வளர்த்து வருகின்றன. அவ்விரு நாடுகளின் சட்டங்களிலும் தத்தெடுப்பு இல்லை. 'கஃபாலா' என்னும் பொறுப்பேற்பு உண்டு. அல்ஜீரியாவின் 1984-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும் மொராக்கோவின் 2002-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை வகுத்துள்ளன. உணவு, உடை, கல்வி, பாதுகாப்பு எல்லாம் சொந்தப் பிள்ளைக்குப் போல் கொடுக்கவேண்டும். ஆனால் வளர்ப்பவர் தகப்பனாகிவிட மாட்டார். வம்ச உறவும் வாரிசுரிமையும் ஏற்படமாட்டா.

இங்கேதான் சிலர் கேட்கிறார்கள்: "உயிரைக் கொடுத்து வளர்ப்பவர் தம் பெயரைக் கொடுத்தால் என்ன? இது இரக்கமற்ற தடை அல்லவா?"

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இதனால் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. பிரிட்டனில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள ஒரு தம்பதியர் அல்ஜீரியப் பெண்குழந்தை ஒன்றை கஃபாலா மூலம் ஏற்றனர். 2012-ல் குழந்தைக்கு நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. கஃபாலாப் பிள்ளை 'நேர் வாரிசு' ஆகாது; ஆயினும் குடும்பத்தினரில் ஒருவராகக் கருதி, குழந்தையின் நலனை ஆராய்ந்து நுழைவுக்கு வழிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது 2019-ல்! குழந்தைப் பருவத்தில் ஏழாண்டு என்பது சிறிய காலமா?

அப்படியானால் மார்க்கத்தின் கட்டளையில் குறையா? ஸைது (ரலி) அவர்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளையே. சிறுவயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா நாயகியின் இல்லம் சேர்ந்தார்கள். தந்தை ஹாரிதா தேடி வந்து அழைத்தபோதும் நாயகத்தை விட்டுப் பிரிய மனமில்லை. 'முஹம்மதின் மகன் ஸைது' என்றே மக்கள் அழைத்தனர். பின்னர், பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி இறைகட்டளை இறங்கியது. அவர்கள் மீண்டும் 'ஹாரிதாவின் மகன் ஸைது' ஆனார்கள்.

பெயர் மாறியது, பாசம் மாறியதா? இல்லை. 'நாயகத்தின் நேசர்' என்ற சிறப்பு அவர்களுக்கு நிலைத்தது. மூத்தா போரில் படைத்தலைமை பெற்று ஷஹீதானார்கள். ஸஹாபாக்களில் திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர்கள் ஒருவரைத்தான். பாசத்துக்குப் பொய் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தகப்பன் யாரென்றே தெரியாத குழந்தை? அதற்கும் அதே வசனத்தில் விடையுண்டு: அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள். அபூஹுதைஃபா (ரலி) வளர்த்த ஸாலிம் (ரலி) அவர்கள் அவ்வாறே அவரைச் சார்ந்தவர் என்று அழைக்கப்பட்டார்கள். குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தார்கள். வம்சம் தெரியாதது அவர்களின் தகுதியைக் குறைக்கவில்லை.

கடல் கடந்து செல்லும் குழந்தைக்கு ஊர் போகும், மொழி போகும், சொந்தம் போகும். மிஞ்சுவது தான் யார் என்ற உண்மை ஒன்றே. அதையும் பிடுங்கிவிட்டு அதற்குப் பெயர் அன்பு என்று சொல்லலாமா? 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் கஃபாலாவைப் பெயர் சொல்லி ஏற்று, குழந்தையின் மதம், மொழி, பண்பாடு தொடர்வதைக் கவனிக்கச் சொல்கிறது.

ஆகவே, பொறுப்பேற்க நினைப்போர் செய்யவேண்டியவை சில. முதலாவது, வாழும் நாட்டின் சட்டத்தைக் குழந்தையைத் தொடுமுன் விசாரிப்பது. இங்கிலாந்தில் 2005 முதல் 'சிறப்புக் காப்பாளர்' என்னும் ஏற்பாடு உள்ளது; அதில் பிறப்புறவு அழிவதில்லை. பள்ளியில் குடும்பப் பெயர் வேறுபடுவது பிள்ளையை வருத்தும் என்பது உண்மை. அல்ஜீரியா 1992-ல் வளர்ப்பவரின் குடும்பப் பெயரை மட்டும் சூட்ட வழிசெய்தது. தகப்பன் என்ற இடத்தில் அவரை எழுதவில்லை.

இரண்டாவது, மஹ்ரம் பிரச்சினை. இரண்டு வயதுக்குட்பட்ட பெண்குழந்தைக்குக் கணவரின் சகோதரி பாலூட்டினால், அவர் அதற்குத் தாய்மாமனாகிவிடுகிறார். ஆண்குழந்தைக்கு மனைவியின் சகோதரி பாலூட்டலாம். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை வேண்டும். மூன்றாவது, சொத்து. உயிருடன் இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து ஒப்படைக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும் செய்யலாம். நான்காவது, பிள்ளைக்கு விவரம் தெரியும் பருவத்திலேயே, பிறர் வாயால் கேட்குமுன், உண்மையை நீங்களே இதமாகச் சொல்லிவிடுங்கள். பிறந்த ஊரின் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

இறுதியாக நம் சமுதாயத்துக்கு ஒரு வார்த்தை. "மார்க்கத்தில் தத்தெடுப்புக் கிடையாது" என்பதை நம்மில் பலர் எத்தீமை வாசலோடு திருப்பியனுப்பும் சாக்காக்கிக் கொண்டோம். மார்க்கம் தடுத்தது பொய்யை, பிள்ளையை அல்ல. பெயரைக் கொடுக்கக் கூடாதென்றால், மற்ற அனைத்தையும் கொடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

வல்ல நாயன், உண்மையும் இரக்கமும் ஒருங்கே குடியிருக்கும் இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்கியருள்வானாக! ஆமீன்.