பழுதும் குறையும்

'குறை' என்பது விஞ்ஞானச் சொல்லா, மதிப்பீட்டுச் சொல்லா? இயங்குவது நிறைவுடையது, இயங்காதது குறையுடையது என்று கொள்வதே நம் வழக்கம். மனித இன்டர்பெரோன் பரம்பரையலகுக் குடும்பம் பற்றிய ஆய்வு இவ்வழக்கத்தை அசைத்து விடுகின்றது.

வைரசு தாக்கிய கலம் அயற்கலங்களுக்கு விடுக்கும் எச்சரிக்கைப் புரதமே இன்டர்பெரோன். 1957 இல் ஐசாக்சும் லின்டன்மனும் இலண்டனில் இதனைக் கண்டறிந்தனர். ஒன்றென எண்ணப்பட்டது பெருங்குடும்பம் என்பது பின்னரே புலனாயிற்று. அல்பா வகைக்குரிய 13 பரம்பரையலகுகள் ஒன்பதாம் நிறமூர்த்தத்திலே நெருங்கி அமைந்துள்ளன. லம்டா வகையினவோ பத்தொன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ளன.

இவற்றுள் 2013 இல் அறியப்பட்ட லம்டா நான்கு விந்தையானது. மக்களுட் பலரிடத்து, சிறியதோர் எழுத்து மாற்றத்தால் வாசிப்பொழுங்கு பிறழ்ந்து, அப்புரதம் உருவாவதேயில்லை. பழைய நோக்கில் இது பழுது. ஆயின், ஈரலழற்சி 'சி' வைரசை உடலினின்றும் நீக்குவதில் மேம்பட்டு நிற்போர் இப்பழுதுடையோரே! வைரசை எதிர்க்கவல்ல புரதத்தை ஆக்குவோர் பின்தங்குகின்றனர்.

இவ்வளவோடு நின்றால் இது உயிரியல் விந்தை மட்டுமே. ஆனால், 2009 இல் வெளிவந்த ஆய்வுகள், இப்பகுதியின் மாறுபாடு இன்டர்பெரோன் சிகிச்சையின் பயனை முன்னுணர்த்தும் எனக் காட்டின. சாதகமான வடிவம் கிழக்காசியரிடத்து மிகுதி. ஆபிரிக்க வழியினரிடத்துக் குறைவு. அச்சிகிச்சையோ பெரும்பாலும் 48 வாரம் நீள்வது. காய்ச்சலும் மனச்சோர்வும் தருவது. எனவே, சாதகமற்ற வடிவமுடையவரைக் காத்திருக்குமாறு கூறிய வைத்தியரைக் கொடியவர் என்று நான் கூறேன். எனினும், அவர் கையிலிருந்தது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். எதிரே இருந்தவரோ தனியொருவர். சாதகமற்ற வடிவமுடையோரிலும் குணமடைந்தோர் இருந்தனர். அந்த ஒருவர் தம் உடலை ஒரு தீர்ப்பாகக் கொண்டு வீடு திரும்பியிருப்பின், அத்தீர்ப்பை எழுதியவர் யார்?

சில ஆண்டுகளுள், வைரசை நேரே தாக்கும் மருந்துகள் வந்தன. அவற்றால் குணமடைவோர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். இம்மாறுபாடு அங்கே பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. நோயாளரின் பரம்பரையலகில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது மருந்து. அவ்வாறாயின், 2010 இல் அவர்பாற் சுமத்தப்பட்ட குறை அவருடையதா, அன்றைய மருந்தினுடையதா?

எல்லாக் குறையும் இத்தகையதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்டர்பெரோனின் செய்தியை ஏற்கும் வாங்கி முற்றாக அற்றுப் பிறக்கும் குழந்தை, உயிருள்ள சின்னமுத்துத் தடுப்பூசியாலேயே கடும் நோயுறக்கூடும். அக்குழந்தையின் பெற்றோரிடம் சொல்லாராய்ச்சி செய்ய எவருக்கும் மனம் வராது.