நீலத்தைக் கொடுத்துவிட்டு வரும் வெயில்

1

லண்டனில் மலை இல்லை. ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் உள்ள பார்லிமென்ட் ஹில் கடல் மட்டத்துக்கு மேல் 98 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது ஒரு மேடு. ஆனால் குளிர்கால மாலையில் சூரியன் தாழ, புல்வெளியின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் நீள்கிறது. மேட்டுக்குச் சரிவும் பள்ளமும் முகடும் வந்துவிடுகின்றன. உச்சிவெயிலில் எடுத்தால் பெரிய மலைகூடப் படத்தில் தட்டையாகத்தான் விழும். மலைக்கு உருவம் தருவது நிழல்.

2

தாழ்ந்த சூரியன் இங்கே தாராளம். டிசம்பர் நடுப்பகலிலேயே அது அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறுகிறது. மார்ச் மாத மதுரையில் கடைசி 6 பாகையைச் சூரியன் ஏறக்குறைய 25 நிமிடத்தில் கடந்துவிடும். டிசம்பர் லண்டனில் அதே 6 பாகைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது, சரிந்து சரிந்து இறங்குவதால். மேகம் வழிவிட்டால்தான் இந்தக் கணக்கெல்லாம். வழிவிடாத மாலைகளில் ட்ரைபாடை விரித்து வைத்துச் சும்மா நிற்கிறேன். அதுவும் இந்த வேலையில் சேர்த்திதான்.

3

மாலை வெயில் ஏன் மஞ்சளாகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் இந்த நகரத்தில் இருந்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனின் இயற்பியலாளர் ஜான் டிண்டால். மலையேறுவதில் பெரும் ஆசை கொண்டவர். ஆல்ப்ஸின் வைஸ்ஹார்ன் சிகரத்தை 1861-இல் முதன்முதலாகத் தொட்ட மூவரில் ஒருவர். 1869-இல் அவர் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மிக நுண்ணிய துகள்களை உண்டாக்கி ஒளியைப் பாய்ச்சினார். பக்கத்திலிருந்து பார்த்தால் வானத்தின் நீலம். 1871-இல் இயற்பியலாளர் ரேலே அந்தச் சிதறலைக் கணக்காக எழுதினார். காற்றின் மூலக்கூறுகளே நீலத்தைச் சிதறடிக்கின்றன என்பது பின்னர் தெளிந்தது.

அந்தியில் வெயில் காற்றுக்குள் நெடுந்தூரம் கிடைமட்டமாக வருகிறது. வரும் வழியெல்லாம் நீலத்தைக் கொடுத்துக்கொண்டே வருகிறது. அந்த நீலம் மேற்கே, இன்னும் பகல் மிச்சமிருக்கும் ஊர்களுக்கு வானமாகிறது. கொடுத்தது போக மிஞ்சியதே இந்த மேட்டில் விழும் பொன்.

4

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த படங்கள் இருக்கின்றன. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அவர் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். மலைக்கோட்டையையும் எடுத்தார். 83 மீட்டர் பாறை, சமவெளியில் தன்னந்தனியாக நிற்கிறது. அவர் பயன்படுத்திய காகித நெகடிவ் பெரும்பாலும் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. நெகடிவில் கையாலேயே மேகம் தீட்டினார். காவிரிக்கரை அந்தியில் அந்தப் பாறைமேல் படியும் மஞ்சளைக் கண்ணால் பார்த்திருப்பார். அவருடைய காகிதத்துக்கு அது ஏறக்குறைய இருட்டு. அந்தப் படங்களின் முன் நிற்கும்போது, நமக்கு எளிதாகக் கிடைத்துவிட்ட நிறத்தின் மதிப்பு புரிகிறது.

5

இன்றைய கேமராவுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் 'ஒயிட் பேலன்ஸ்' ஆட்டோவில் இருந்தால், மஞ்சளைப் பிழையென்று எண்ணி அது திருத்திவிடக்கூடும். அதைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றி வைத்துவிடுகிறேன். வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைக்கிறேன். சூரியனைப் பக்கவாட்டில் வைத்து நிற்கிறேன். மற்றபடி நான் செய்வதற்கு அதிகம் இல்லை.

மலைக்குப் போக வசதி வரட்டும் என்று கேமராவை மூடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊரில் ஒரு கரடோ, பாறையோ, ஏரிக்கரையோ இருக்கும். சூரியன் சாய்வதற்கு அரை மணி முன்னால் அங்கே போய் நில்லுங்கள். முதலில் நிழலைப் பாருங்கள். படம் பிறகு எடுக்கலாம்.