அனலில் வேகாத ஏடு

காதல் பாட்டுக்குத் திறக்கிற காது தேவாரத்துக்குத் திறப்பதில்லையே என்ற வருத்தம் ஆன்மிக மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. 2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்துக்குத் தாமரை எழுதி, ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்த 'நெஞ்சுக்குள் பெய்திடும்' இதற்கு நல்ல உதாரணம். ஓடும் ரயிலில் ஒருவன் கிட்டாரும் கையுமாக ஒருத்தியிடம் மனத்தைத் திறக்கிறான். அதிராத மெட்டு, ஹரிஹரனின் குரல். அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. இந்த வெற்றி பக்தி தேய்வதன் அடையாளமா? சம்பந்தர் தேவாரத்தின் திருநள்ளாற்றுப் பதிகத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மதுரையில் பாண்டியன் முன்னிலையில் சமணரோடு அனல்வாதம் நடந்தபோது, சம்பந்தர் ஏட்டுக் கட்டை அவிழ்க்கக் கைக்கு வந்தது அந்தப் பதிகம்தான் என்கிறது பெரியபுராணம். தீயில் இட்டும் வேகாமல் பசுமையாக வந்ததால் அது பச்சைப் பதிகம் ஆயிற்று. அதன் தொடக்கமே அம்பிகையின் பெயர்: போகமார்த்த பூண்முலையாள். சைவம் தன் மெய்ம்மைக்குப் பணயம் வைத்த பாட்டு, இறைவனை அவன் மேனியில் பாதியான பெண்ணின் எழிலை முன்வைத்தே காட்டுகிறது. பெண்ணழகைப் பாடுவதைச் சமயத்துக்குப் புறம்பு என்று தள்ளுகிறவர்கள் முதலில் இந்த ஏட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சினிமாப் பாட்டு விற்பனைக்குச் செய்தது, பதிகம் அருளில் பிறந்தது, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஒன்றாகாது. ஆனால் செய்தவர் நோக்கம் வேறு, கேட்பவர் உள்ளத்தில் நடப்பது வேறு. தன்னை மறந்து இன்னொருவருக்காக உருகத் தெரிந்த மனம்தான் பக்திக்கும் முதல். நாயகனாக இறைவனைப் பாடிய அடியார்கள் அந்த முதலை நம்பித்தான் பாடினார்கள். அப்படியானால் அதிகம் பேர் கேட்பதே உயர்வுக்குச் சான்றா என்றால், அதுவும் இல்லை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். நள தீர்த்தத்தில் முழுகி எழுகிற அவர்களில் எத்தனை பேர் அன்பால் வந்தார்கள், எத்தனை பேர் அச்சத்தால் வந்தார்கள் என்பதைத் தலை எண்ணிச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அந்தக் குளத்துக்குப் பெயர் தந்த நளன் கதை ஒரு காதல் கதை. நான்கு தேவர்கள் நளன் உருவிலேயே வந்து நின்ற சுயம்வரத்தில், தமயந்தி மனிதனான நளனுக்கே மாலையிட்டாள். சனி விலக வேண்டி முழுகுகிறவர்கள் அவள் காதலையும் கொஞ்சம் நினைக்கலாம். திருநள்ளாறு போகிறவர்கள் சனி பகவானைக் கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். தர்ப்பாரண்யேசுவரர் முன்னும் அம்பாள் முன்னும் நின்று, பதிகத்தின் 11 பாட்டையும் வாய்விட்டுப் பாடிவிட்டு வாருங்கள்.